ஐம்பத்து நான்கு, நாற்பத்தாறு

கோகிலவாணிக்குத் தோற்றுப் பழக்கம் இல்லை. ஆகவே சார்பு நிர்ணய அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை முதல் தடவை படித்தபோது, யாரோ தூக்கக் கலக்கத்தில் எண்களை இடம் மாற்றி அடித்துவிட்டார்கள் என்றே நினைத்தாள். தந்தை ஐம்பத்து நான்கு. தாய் நாற்பத்தாறு. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். எண்கள் நகரவில்லை.

ஐந்தாவது நிமிடம் நந்தகோபாலிடமிருந்து அழைப்பு வந்தது. மூன்று வருடங்களுக்கு முன்புவரை கணவன். இப்போது ஒண்டிப்புதூரில் பேக்கரி வைத்திருப்பவன், வாரம் விட்டு வாரம் மகள் சுடர்க்கொடியைத் தன்னிடம் வைத்துக்கொள்பவன், அவ்வளவுதான்.

"லெட்டர் வந்துச்சா, வாணி?"

"வந்துச்சுங்க."

விவாகரத்து ஆகியும் அந்த 'ங்க' மட்டும் ரத்தாகவில்லை. கோயமுத்தூர்க்காரிக்கு அது கோபத்திலும் போகாது.

"அப்ப இந்த வருசத்துலேர்ந்து சுடரை என்ர வரிக் கணக்குல எழுதிக்கறேன். மூணு வருசத்துக்கு அவ என்ர வீட்டுல. நீ ஞாயித்துக்கெழம வந்து பாத்துக்க. சட்டம் அப்படிச் சொல்லுது, நான் சொல்லல."

"மானி தப்புங்க."

"அறுவது நாள் அவ கையிலதான கெடந்துது?"

"கையில கெடந்தாச் சரியாயிருமுங்களா? இன்னைக்கே அப்பீல் எழுதறேன்."

"எழுது, எழுது," என்று சிரித்தான் நந்தகோபால். "கண்ணாடியில மூஞ்சி நல்லால்லைன்னா நீ கண்ணாடி மேலயே கேஸ் போடுவியே."

அவன் சிரிப்பில் பொய் இல்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தான். அதுதான் அவளுக்கு எரிந்தது.

இந்தச் சட்டம் வந்த கதை வேடிக்கையானது. பிரிந்த தம்பதியரில் யாராவது ஒருவர்தான் பிள்ளையைத் தம்மைச் சார்ந்தவர் என்று வரிப் படிவத்தில் எழுதலாம் என்பது பழைய விதி. அதை யாரும் மதிக்கவில்லை. அப்பனும் எழுதினான், ஆத்தாளும் எழுதினாள். காகிதத்தில் பார்த்தால் நாட்டில் விவாகரத்து ஆனவர்களுக்கெல்லாம் இரட்டைப் பிள்ளைகள். நோட்டீஸ் போனால் இருவரும் பள்ளிக்கட்டண ரசீதையும் டாக்டர் சீட்டையும் பை பையாகச் சுமந்துகொண்டு வந்து நின்றார்கள். ரசீதை வைத்துப் பாசத்தை அளந்து மாளவில்லை என்று அரசு, பிள்ளையின் மணிக்கட்டில் கட்டும் ஒரு மானியைக் கொண்டுவந்தது. யார் பங்கு அதிகமோ அவர் படிவத்தில் பிள்ளை. அவர் வீடே பிள்ளைக்கு வீடு. மற்றவர் சம்பளத்திலிருந்து பராமரிப்புத் தொகை தானாகவே பிடிக்கப்படும்.

பணம் கோகிலவாணிக்குப் பொருட்டில்லை. மகள் வீட்டில் இல்லாத மூன்று வருடம் என்பதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பதினொரு வயதில் போகிற பெண் பதினாலு வயதில் திரும்பி வருவாள். நடுவில் இருக்கிற பிள்ளையை யாரிடம் போய்க் கேட்பது?

ஆனாலும் அவள் பயப்படவில்லை. பதினெட்டு வருடமாக எடைமானிகளைச் சரிபார்ப்பதே அவள் தொழில். நகைக்கடைத் தராசு முதல் லாரி எடைமேடை வரை அவள் கை படாதது இந்த வட்டாரத்தில் இல்லை. எண்ணைக் காட்டுவதால் மட்டும் எந்த மானியும் யோக்கியமாகிவிடாது என்று அவளுக்குத் தெரியும். உண்மையான எண் வெளியே வந்தால் அது தன் பக்கம்தான் இருக்கும் என்பதிலும் சந்தேகமில்லை. காய்ச்சலுக்குக் கண்விழித்தவள் அவள். கணக்கு சொல்லிக்கொடுத்தவள் அவள். பன் பட்டர் ஜாம் கொடுத்தா பங்கு சம்பாதிப்பது?

மானி கட்டியிருந்த அறுபது நாளும் இரண்டு வீட்டிலும் நடந்ததைச் சொன்னால் சிரிப்பு வரும். கோகிலவாணி குரலை உயர்த்தவே இல்லை. பாகற்காயை வீட்டுக்குள் விடவே இல்லை. தீபாவளிக்குக்கூடக் கடையை அடைக்காத நந்தகோபால், கல்லாவில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டு மகளோடு கேரம் ஆடினான். சுடரோ தங்கமாக இருந்தாள். எதற்கும் அடம் பிடிக்கவில்லை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்று இரண்டு வீட்டிலும் மெச்சிக்கொண்டார்கள்.

விசாரணை பத்தாம் நாள் காலையில் வந்தது. சுடரை வெளியே வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். நிர்ணய அதிகாரி ஆரோக்கியசாமி ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும். எத்தனையோ ஜோடிகளைப் பார்த்த அலுப்பு முகத்தில் இருந்தாலும் பேச்சில் இல்லை.

"மேடம், குழந்தைகிட்ட உனக்கு அம்மா வேணுமா அப்பா வேணுமான்னு கேக்கறது பாவம். அதனால வாயைக் கேக்காம உடம்பைக் கேக்கறோம். யாரு பக்கத்துல இருக்கறப்ப குழந்தை மூச்சு தணியுது, நாடி அடங்குது, அதை இந்த மானி குறிச்சுக்கும். பக்கத்துல யாருன்னு உங்க போன் அதுக்குச் சொல்லிரும். தூங்கறப்பவும் பள்ளிக்கூடத்துலயும் கழட்டி வெச்சிருவாங்க. மிச்ச நேரமெல்லாம் கணக்கு. இதுல தப்பு வர எடமில்லையே."

"ஜீரோ பாத்தீங்களா?" என்றாள் கோகிலவாணி.

"என்னது?"

"எங்க சோதனைக்கூடத்துக்கு ஒரு தராசு வந்துச்சுன்னா, மொதல்ல மேல இருக்கற எல்லாத்தையும் எடுத்துருவோமுங்க. ஒண்ணுமே வெக்காம அது என்ன காட்டுதுன்னு பாப்போம். காலித் தட்டுக்கே நூறு கிராம் காட்டற தராசுல அப்புறம் நீங்க தங்கத்தை வெச்சாலும் தப்பு, தவிட்டை வெச்சாலும் தப்பு. அது மாதிரி, நானும் இல்லாம, இவரும் இல்லாம, சும்மா இருக்கறப்ப சுடர் மூச்சு எப்படி இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

ஆரோக்கியசாமி நந்தகோபாலைப் பார்த்தார். அவன், இவள் இப்படித்தான் என்பதுபோல் தோளைக் குலுக்கினான்.

"பெத்தவங்க யாரும் பக்கத்துல இல்லாத நேரத்தை மானி பதிவு பண்ணும், ஆனாக் கணக்குல சேக்காது," என்றார் அதிகாரி.

"சேக்க வேண்டாமுங்க. காட்டுங்க போதும்."

அவர் சுவரில் இருந்த திரையைத் தொட்டார். அறுபது நாளில் அப்படிப்பட்ட நேரம் அதிகமில்லை. சனிக்கிழமை மதியம் வடவள்ளிக்கும் ஒண்டிப்புதூருக்கும் நடுவே சுடர் தனியாகப் போகும் பேருந்துப் பயணம் மட்டும்தான். பெற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம் என்று செய்த ஏற்பாடு அது. ஓட்டுநரில்லாத டவுன் பஸ். ஒரு வீட்டில் ஏற்றிவிட்டால் இன்னொரு வீட்டில் இறக்கிவிடும். ஒவ்வொரு தடவையும் ஐம்பது நிமிடம், எட்டுத் தடவை.

பேருந்தில் எடுத்த மூச்சுக் கோடு திரையில் ஓடியது. மேலே போயிற்று, கீழே வந்தது, ஓரிடத்தில் சும்மா கிடந்தது, பள்ளத்தில் வண்டி இறங்கியபோது குதித்தது. எந்தப் பிள்ளையின் மூச்சும் அப்படித்தான் இருக்கும்.

"இப்ப வீட்டுக் கோட்டைப் பக்கத்துல போடுங்க," என்றாள் கோகிலவாணி.

போட்டார். கோகிலவாணியின் வடவள்ளி வீட்டில் பதிவான கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் இருந்தது. ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஒன்று மாதிரியே இன்னொன்று, நூற்றுக்கணக்கில்.

"இப்படி நான் பாத்ததே இல்ல," என்றார் ஆரோக்கியசாமி.

கோகிலவாணி பார்த்திருக்கிறாள். வியாபாரி தட்டின் அடியில் விரலைக் கொடுக்கும்போது முள் இப்படித்தான் அசையாமல் நிற்கும். அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"இது கை வெச்ச அளவுங்க. நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?" என்று நந்தகோபால் பக்கம் திரும்பினாள்.

"நானா? கோடு உன்ர வீட்டுக் கோடு. நான் எதுக்கு உன்ர வீட்டுல உனக்குப் பங்கு ஏத்திக் குடுக்கறேன்? நீதான் சொல்லிக் குடுத்திருப்ப. மானியை எப்படி ஏமாத்தறதுன்னு உனக்குத் தெரியாததா?"

"எனக்கு அப்படி ஜெயிக்கணும்னு அவசியமில்லீங்க."

"ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க," என்றார் ஆரோக்கியசாமி. மூன்றாவது கோட்டையும் போட்டார். ஒண்டிப்புதூர் வீடு. அங்கேயும் அதே ஸ்கேல், அதே உயரம், அதே இடைவெளி.

பிறகு அதிகாரி எழுந்து போய்க் கதவைத் திறந்து சுடரைக் கூப்பிட்டார்.

அவள் வந்து, இருவருக்கும் நடுவே ஒரு நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல், மேசை ஓரமாக நின்றாள். திரையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பாப்பா, இது நீயாப் பண்ணுனதா?" என்று கேட்டார் ஆரோக்கியசாமி. "பயப்படாத. யாரும் திட்ட மாட்டாங்க."

"நாலு எண்ற வரைக்கும் இழுக்கணும், நாலு எண்ற வரைக்கும் விடணும்," என்றாள் சுடர். "பள்ளிக்கூடத்துல யோகா மிஸ் சொல்லிக் குடுத்தாங்க."

"யாரு பண்ணச் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க, சார்."

"நானா?"

"மானியக் கட்டுன அன்னைக்கு அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் சொன்னீங்கல்ல. மூச்சு தணிஞ்சாப் பங்கு ஏறும், ரெண்டு பேருக்கும் சமமா வந்துட்டா இப்ப இருக்கற மாதிரியே வாரத்துக்கு ஒரு வீடுன்னு விட்டுருவோம்னு. நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன்."

உண்மைதான். கையை நீட்டச் சொல்லி அவள் மணிக்கட்டில் பட்டையை மாட்டிக்கொண்டே, அவள் தலைக்கு மேலாக மூன்று பெரியவர்கள் அரை மணி நேரம் சட்டம் பேசியிருந்தார்கள்.

"அதனால ரெண்டு வீட்லயும் ஒரே அளவு மூச்சு விட்டேன்," என்றாள் சுடர். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். இது அம்மாவுக்குப் புரியும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. "நீ தராசுல சின்னச் சின்னப் படிக்கல்லா வெச்சு ரெண்டு பக்கமும் சமமாக்குவியே, அது மாதிரி. காலைல எத்தனை நேரம், சாயங்காலம் எத்தனை நேரம்னு மனசுலயே வெச்சுக்கிட்டேன். கடைசி வாரம் நீ தூத்துக்குடிக்கு லாரி எடைமேடை பாக்கப் போயிட்ட. ரெண்டு நாள் அப்பா வீட்ல கூட இருந்துட்டேன். வந்து சரி பண்ணிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கழட்டிட்டாங்க."

கோகிலவாணி அந்த நேரத்தில் அழுதிருக்க வேண்டும். அழுகை வரவில்லை, வெட்கமில்லாமல் முதலில் வந்தது பெருமைதான். அறுபது நாள். கையில் கருவி இல்லை, கண்ணுக்கு முள் இல்லை, வெறும் மனக்கணக்கு. அதில் நாலே நாலு பங்குதான் தவறியிருக்கிறது. கூடத்தில் சம்பளம் வாங்குகிற ஆட்களே இதைவிட மோசமாகச் செய்வார்கள். அதற்குப் பிறகுதான், இவள் அறுபது நாளும் தன் வீட்டிலேயே வேலை பார்த்திருக்கிறாள் என்பது உறைத்தது. தங்கம் தங்கம் என்று கொஞ்சினோமே, அந்தத் தங்கம் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறது. பாடம் படிக்கும்போது, சோறு தின்னும்போது, மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும்போது. சும்மா இருந்தது பஸ்ஸில் மட்டும்தான்.

ஆரோக்கியசாமி தொண்டையைச் செருமினார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். எண்ணி விட்ட மூச்சை எல்லாம் நீக்கிட்டு, தானா வந்த மூச்சை மட்டும் வெச்சு உண்மைப் பங்கை எடுக்க இந்த மானிக்குத் தெரியும். அஞ்சு நிமிசம் போதும். அப்பீல் பண்ணுனது நீங்க. நீங்க கேட்டா நான் எடுத்துக் குடுத்தே ஆகணும். அதுக்கப்புறம் அதுதான் கடைசித் தீர்ப்பு."

இதற்காகத்தானே வந்தாள். உண்மையான எண். அது தன் எண்தான். பதினெட்டு வருடத்தில் ஒரு மானியையும் அவள் பாதியில் விட்டதில்லை. எடுங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அப்போது சுடரைப் பார்த்தாள். பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். அவள் சட்டை சீராக ஏறி, சீராக இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கையில் மானியே இல்லை. ஆனாலும் எண்ணத் தொடங்கியிருந்தாள்.

"வேண்டாமுங்க," என்றாள் கோகிலவாணி.

"அப்பீலை வாபஸ் வாங்கறீங்களா? வாங்கினா ஐம்பத்து நாலு, நாற்பத்தாறுதான் நிக்கும். குழந்தை அப்பாகூடத்தான் போகும்."

"வாபஸும் வாங்கலைங்க. உங்க மானிக்கு முத்திரைச் சான்று இருக்குமே, அதை எடுங்க. பிழை எல்லை எவ்வளவு போட்டிருக்கு?"

அவர் கண்ணாடியை இறக்கிப் படித்தார். "கூடவோ குறையவோ அஞ்சு."

"ஐம்பதுக்கும் ஐம்பத்து நாலுக்கும் நடுவுல எவ்வளவு?"

"நாலு."

"நாற்பத்தாறுக்கு?"

"அதுவும் நாலு."

"அப்ப உங்க மானியால இந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க. எங்க கூடத்துல இதைச் சமம்னுதான் எழுதுவோம். வேற எழுதினா என்ர வேலை போயிரும்."

ஆரோக்கியசாமி சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அதன் பின்பக்கத்தை யாரும் படிக்கவில்லை போலும்.

"விதி இடம் குடுக்குது," என்றார் கடைசியில். "ஆனா ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். சமம்னு எழுதிட்டா வரிச் சலுகை ரெண்டு பேருக்குமே கெடையாது. பிள்ளையே இல்லாதவங்க மாதிரி ரெண்டு பேரும் முழு வரி கட்டணும். பராமரிப்புத் தொகையும் யாரும் யாருக்கும் தர வேண்டியதில்ல. மூணு வருசத்துக்கு மறுபடி அளக்கவும் முடியாது." நந்தகோபாலைப் பார்த்தார். "சார், உங்க கையில ஜெயிச்ச லெட்டர் இருக்கு. நீங்க போட மாட்டேன்னு சொன்னா யாரும் கட்டாயப்படுத்த முடியாது."

வந்ததிலிருந்து நந்தகோபாலின் சட்டைப் பையில் அந்தக் கடிதம் தெரியும்படிதான் இருந்தது. சுடருக்கென்று ஒரு அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறான் என்று கோகிலவாணி கேள்விப்பட்டிருந்தாள். அவன் வேண்டாம் என்றால் அவளிடம் வேறு வழி இருக்கவில்லை. உண்மை எண்ணைக் கேட்க வேண்டியதுதான். அதை இந்தப் பெண்ணின் முன்னால் கேட்கத் தன்னால் முடியாது என்பது அவளுக்கு இப்போது தெரியும்.

"கேரம் ஆடறப்பவுமா சாமி எண்ணிட்டிருந்த?" என்று அவன் மகளைக் கேட்டான்.

சுடர் கொஞ்சம் யோசித்தாள். "உங்க டர்ன் வர்றப்ப மட்டும்ப்பா."

நந்தகோபால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பேனாவுக்குக் கையை நீட்டினான். முதல் கையெழுத்து அவனுடையது. கோகிலவாணி அடுத்துப் போட்டாள். அவனுக்கு நன்றி என்று சொல்ல நினைத்தாள். பழக்கமில்லாத வார்த்தை, வரவில்லை.

"பேனா நல்லா எழுதுதுங்க," என்றாள்.

"ம்," என்றான் அவன்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. நந்தகோபால் வண்டி எடுக்கப் போனான். இந்த வாரம் அவனுடைய வாரம். சுடரின் புத்தகப் பையை அவள் தோளில் மாட்டிவிட்டு, வார் முறுக்கிக்கொண்டதைச் சரிசெய்தாள் கோகிலவாணி.

"அம்மா, அந்த நம்பரை நீ ஏன் கேக்கல?"

"வேண்டாம்னு தோணுச்சு."

"எனக்கு அது யாருன்னு தெரியும்."

கோகிலவாணியின் கை வாரிலேயே நின்றது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. இப்போது தெரியவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. சுடர் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் சொல்லத் தயாராகத்தான் இருந்தாள்.

"தெரிஞ்சாச் சரி. உன்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் கோகிலவாணி. "அப்பாகிட்டயும் சொல்லாத."

"சரிம்மா," என்றுவிட்டுச் சுடர் வண்டியை நோக்கி ஓடினாள். பாதி வழியில் செருப்பு கழன்றது. சலித்துக்கொண்டே திரும்பி வந்து எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஓடினாள்.

வண்டி தெருமுனையில் திரும்பும்வரை கோகிலவாணி நின்றாள். கேட்டிருந்தால் மகள் என்ன சொல்லியிருப்பாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எதிரில் நிற்பவர் யாரோ, அவர் பெயரைச் சொல்லியிருப்பாள்.